நாற்காலிகள் வீட்டுக்கு வரும் வாரம்

ஷோபா என் பேரன் தினேஷுக்குப் பெண்டாட்டியாக இருந்தவள். கோர்ட்டுக் கணக்குப்படி இப்போது இல்லை. ஆனால் காலையில் எனக்குக் காபி போட்டுக் கொடுப்பவள் இன்றைக்கும் அவள்தான். யாராவது உறவு கேட்டால் பேரன் பெண்டாட்டி என்றுதான் சொல்கிறேன். அவர்களைப் பிரிக்கும்போது என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைக் கேட்காத தீர்ப்புக்கு நான் எதற்குக் கட்டுப்பட வேண்டும்?

அவள் பிறந்தது கோலார் தங்கவயல். சுரங்கத்தை மூடிய பிறகு அந்த ஊர்ச் சனம் விடியலில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வரும், இருட்டியதும் திரும்பிப் போகும். அவளும் அப்படித்தான் சிவாஜிநகரில் ஒரு துணிக்கடைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தாள். அந்தக் கடைக்கு மூட்டை ஏற்றிவரும் லக்கேஜ் ஆட்டோவை ஓட்டியவன் தினேஷ். பார்த்தார்கள், பேசினார்கள், கல்யாணம் கட்டிக்கொண்டார்கள். அன்றைக்கு வாடகைக்குக் கட்டியிருந்த ஷாமியானா நடுவில் கிழிந்து மழை ஒழுகியது. தாலி ஏறிய பெண் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பாள், புருஷனைப் பார்ப்பாள். இவள் அண்ணாந்து துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆயா, இது மீட்டர் இன்னா விலை இருக்கும்ன்ற? இந்தக் கந்தலுக்கா இவ்ளோ வாடக கேக்குறான்?" என்று மாலையும் கழுத்துமாக என் காதில் கேட்டாள்.

அடுத்த மாதமே மொய்ப்பணத்தில் ஒரு ஷாமியானாவும் கொஞ்சம் பிளாஸ்டிக் சேரும் வாங்கி, அல்சூரில் எங்கள் வீட்டை ஒட்டியிருந்த தகரக் கொட்டகையில் கடை போட்டார்கள். ஷோபா ஷாமியானா சப்ளையர்ஸ். சேர், மேசை, சமையல் பாத்திரம், பிரியாணி போடும் பெரிய டேக்சா, பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் சிம்மாசனம் இரண்டு, பிறகு ஒரு ஜெனரேட்டர். ஏற்றுவது, இறக்குவது, கட்டுவது தினேஷ். ஆளைப் பிடிப்பது, விலை பேசுவது, வசூலிப்பது அவள். துணி கிழிந்தால் ராத்திரியோடு ராத்திரியாகத் தைத்துவிடுவாள். வாடகை பாக்கி வைத்தவன் வீட்டு அடுத்த விசேஷத்துக்குக் கூப்பிடாமலே போய் முதல் வரிசையில் உட்காருவாள். பாக்கி அன்றைக்கே வந்துவிடும்.

பிரச்சினை ஒரு வைகாசி முகூர்த்தத்தில் வந்தது. தினேஷ் ஒரே நாளில் இரண்டு கல்யாணத்துக்குத் தலையாட்டிவிட்டான். ஒரு கல்யாணத்தில் சம்பந்திமார் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். அவர்கள் திட்டியதெல்லாம் ஷோபாவின் போனுக்கு வந்தது. அதற்கப்புறம் இருவரும் பேசுவதில்லை. கொஞ்ச நாளில் அவன் எலெக்ட்ரானிக் சிட்டியில் வெங்கி என்ற சிநேகிதனுடைய பி.ஜி. அறைக்குப் போய்விட்டான். வெங்கி ஈவென்ட் பண்ணுகிறவன். நாம் பந்தல் போடுவது என்று சொல்வதை அவன் அப்படிச் சொல்கிறான், அதற்கு ஐந்து மடங்கு வாங்குகிறான். இவனும் அதில் கூட்டுச் சேர வேண்டும் என்றால் கையில் காசு வேண்டும். காசு வேண்டுமென்றால் கடையில் பாதி வேண்டும்.

ஷோபாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கடை கடையாகவே இருக்க வேண்டும். பாதி ஷாமியானாவின் கீழே பாதிக் கல்யாணம் நடக்குமா?

வக்கீல் சுந்தரேசன் ஆபீஸ் சிவாஜிநகரில் ஒரு மட்டன் கடைக்கு மேலே இருந்தது. படியேறும்போதே கொத்துகிற சத்தம் கேட்கும். அவர் நல்ல மனுஷர். "ரெண்டு பேருக்கும் சம்மதம்னா விஷயம் சுலபம். என்னென்ன சொத்து, என்னென்ன கடன், யாருக்கு எது, எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. அதுல சண்டை வந்தாத்தான் வருஷக்கணக்குல இழுக்கும்" என்றார்.

இருவருக்கும் நடுவில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். நேராகப் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

"ஆயா, சேர்ல பாதி எனக்குன்னு சொல்லு" என்றான் அவன்.

"ஆயா, சேர் எவ்ளோ இருக்குன்னு மொதல்ல சொல்லச் சொல்லு" என்றாள் அவள்.

அவன் ஒரு கணக்குச் சொன்னான். அவள் வேறு கணக்குச் சொன்னாள். சிம்மாசனம் ஆளுக்கு ஒன்று என்றான்.

"ஒத்தச் சிம்மாசனத்த எந்தக் கல்யாணத்துக்குக் குடுக்கிறதாம்? மாப்பிள்ளை நின்னுக்கினே தாலி கட்டுவானா, கேளு ஆயா."

"டேக்சா ஒண்ணுதான இருக்கு. அத இன்னா பண்றதுன்னு நீயே சொல்லச் சொல்லு ஆயா."

"டேக்சா எனக்கு. மூடி அதுக்கு" என்று அவனைக் காட்டினாள் அவள்.

சுந்தரேசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஞாபகத்துல இருக்கறத எழுதினா நாளைக்கு ஒருத்தர் மறுப்பீங்க. போய் எண்ணிட்டு வாங்க" என்றார்.

எண்ணுவது அவ்வளவு லேசா? சேர் எங்கள் கொட்டகையில் இருப்பதற்கா வாங்கினோம்? நாங்கள் எண்ணப் போன அன்றைக்குச் சேர் ஒரு நிச்சயதார்த்தத்தில் இருந்தது. பாத்திரம் ஒரு நிக்காஹ்வில் இருந்தது. ஷாமியானா ஒரு கன்னடக்காரர் புதுவீட்டு வாசலில். கொட்டகையில் நானும் ஒரு உடைந்த ஸ்டூலும்தான் இருந்தோம்.

"அது எங்க இருக்குதோ அங்கயே போயி எண்ணலாம்" என்றான் தினேஷ். படிக்காத யோசனை என்று சொல்ல மாட்டேன், படித்தவன்தான். அந்த நிச்சயதார்த்தத்துக்கு மூவரும் போனோம்.

எங்கள் சேருக்கு அடியில் பச்சைப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்திருக்கும். பொட்டைப் பார்த்தால்தான் எங்களுடையதா என்று தெரியும். அதற்கு உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்க வேண்டும். தினேஷ் முதல் வரிசையில் ஒரு பெரியவரிடம், "சார், ஸ்வல்ப ஏளி" என்று கன்னடத்தில் எழுந்திருக்கச் சொன்னான். அவர் எழுந்தார். இவன் சேரைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான். பக்கத்திலிருந்தவரும் எழுந்தார். அப்படியே ஒவ்வொருவராக எழ, பின்வரிசை ஆட்கள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று நினைத்துப் பந்திக்கு ஓடினார்கள். சமையற்காரர் இன்னும் சாம்பார் இறக்கவில்லை. பெண்ணின் தாய்மாமன் வந்து தினேஷின் சட்டையைப் பிடித்தார்.

"யாருப்பா நீ? எதுக்கு என் அண்ணன எழுப்பினே?"

"நான் சேர் ஓனரு."

"ஓனருன்னா எழுப்புவியா? வாடக குடுத்துதான உக்காந்திருக்காரு?"

ஷோபாவுக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. நடுவில் புகுந்து, "மாமா, கோவிச்சுக்காதீங்க. வயசானவங்களுக்கு சேர் ஆடக் கூடாதுன்னு செக் பண்றோம். எங்க கடையில அது வழக்கம்" என்றாள். மாமன் அப்படியே குளிர்ந்துபோனார். இந்தக் காலத்தில் இப்படி அக்கறையாக ஒரு புருஷன் பெண்டாட்டியா என்று இருவரையும் மேடையேற்றி, பெண் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் சோடியாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார். இறங்கும்போது மொய் எழுதுகிற மேசை வழியாகத்தான் இறங்க வேண்டியிருந்தது. சொத்தை எண்ணப் போய்ப் புதுச் செலவோடு வந்தோம். மொய்யில் யார் பங்கு எவ்வளவு என்று ஆட்டோ வீடு வந்து சேரும்வரை என் மூலமாகச் சண்டை.

ஷோபாதான் வழி சொன்னாள். எல்லாச் சேரும் வீட்டுக்கு வரும் வாரம் வருஷத்தில் ஒன்று இருக்கிறது. கன்னடக்காரர்களுக்கு ஆஷாடத்தில் கல்யாணம் கிடையாது. நமக்கு ஆடியில் கிடையாது. ஒரே மாதம்தானே என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள், ஒன்றல்ல. அவர்கள் அமாவாசையை வைத்துக் கணக்குப் போடுவதால் ஆஷாடம் முன்னால் பிறந்து முன்னால் முடிகிறது. அவர்கள் ஓய்ந்திருக்கும்போது நம் ஆள் ஆனிக் கல்யாணம் வைப்பான். நாம் ஓயும்போது அவர்கள் சிராவணத்தைத் தொடங்கிவிடுவார்கள். இரண்டும் சேர்ந்து ஓய்வது நடுவில் ஒரு வாரம் போல. அந்த வருஷம் மொஹரமும் அதிலேயே வந்தது, துலுக்க வீட்டிலும் கல்யாணம் இல்லை. மாதா கோயில்காரர்கள் மட்டும் பாக்கி. அவர்கள் பெரும்பாலும் ஃபிரேசர் டவுன் டோரதி கடைக்குப் போய்விடுவார்கள்.

மிச்சமிருந்தது சாவு. சாவுக்கு ஆஷாடமும் தெரியாது, ஆடியும் தெரியாது. எதிர்வீட்டு ரங்கநாதன் தாத்தா மூன்று மாதமாக இதோ அதோ என்று இருந்தார். அவர் போனால் ஷாமியானாவும் சேரும் போயாக வேண்டும், கேட்கிற வீடும் எதிர்வீடு. ஷோபா தினம் காலையில் அவருக்கு ராகிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு போனாள். ஒருநாள் நானும் கூடப் போனேன்.

"தாத்தா, இந்த ஒரு வாரம் மட்டும் நல்லா இருங்க. அப்புறம் உங்க இஷ்டம்" என்றாள்.

"ஏம்மா, இன்னா விசேஷம்?"

"எனக்கு விவாகரத்து தாத்தா. சேர் எண்ணணும்."

"அப்படியா? நல்லபடியா நடக்கட்டும்" என்று ஆசீர்வாதம் பண்ணினார். இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கிறார். கஞ்சி நிறுத்தியதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

அந்த வாரம் வந்தது. கொட்டகை நிரம்பிச் சந்திலும் சேர் அடுக்கியிருந்தது. தினேஷ் வந்தான். ஒவ்வொன்றாகத் தலைகீழாகத் திருப்பினார்கள். அப்போதுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. பச்சைப் பொட்டு கொஞ்சம்தான் இருந்தது. பெரும்பாலும் சிவப்புக் கோடு, மற்றது வெள்ளைச் சிலுவை. சிவப்புக் கோடு சிவாஜிநகர் முனியப்பன் கடையினுடையது. சிலுவை டோரதியுடையது.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முகூர்த்த நாளில் எவனுக்கும் சரக்குப் பற்றாது. அடுத்த கடையில் வாங்கித்தான் பெரிய கல்யாணம் பண்ண வேண்டும். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. அவனுக்குக் குறைந்தால் அவன் நம்மிடம் வந்து எடுத்துக்கொள்வான். கையில் வந்த எதையும் எடுத்துப் போவான். என் பொருளைக் கொடு என்று பொட்டைச் சொல்லிக் கேட்டால் உறவை அறுக்கிறான் என்று அர்த்தம். கடையை மூடுகிறவன்தான் அப்படிக் கேட்பான். இதெல்லாம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இத்தனை வருஷத்தில் எவ்வளவு கலந்துபோயிருக்கிறது என்பதுதான் தெரியாது. பிரியாணி டேக்சாவைத் திருப்பினால் அதிலும் சிவப்புக் கோடு. மூடி மட்டும் பச்சை.

"எங்க சேரெல்லாம் அந்த ரெண்டு கடையில இருக்குது. போயி வாங்கியாறேன்" என்று தினேஷ் எழுந்தான்.

ஷோபா அன்றைக்குத்தான் பல மாதம் கழித்து அவனிடம் நேராகப் பேசினாள். "போகாத. கேட்டா அவங்க அவங்களுத எடுத்துக்கினு போயிடுவாங்க. அப்புறம் ஆவணியில நான் எத வச்சி கட பண்றது?"

"கணக்குன்னா கணக்குதான். ஆயா, சொல்லு அதுகிட்ட."

என் பக்கமாகச் சொன்னாலும் அவள் காதில்தான் விழுந்தது. அவன் போய்விட்டான்.

முனியப்பன் மாலையில் டெம்போவில் பச்சைப் பொட்டுச் சேரெல்லாம் கொண்டுவந்து சந்து முனையில் இறக்கினார். கால் உடைந்தது, முதுகு வெடித்தது, எல்லாம் அதில் இருந்தது. ஷோபா தண்ணீர் கொண்டுபோய் நீட்டினாள். வாங்கவில்லை.

"உன் வூட்டுக்காரன் வந்து பொட்டு கேட்டான்ம்மா. இருவது வருஷத் தொழில்ல என்ன யாரும் பொட்டு கேட்டதில்ல."

"அது கேட்டது அண்ணே. நான் கேக்கல."

"ரெண்டு பேரும் ஒரே போர்டுலதான இருக்கீங்க? என்னுத எடுத்துக்க நானும் ஒரு நாள் வண்டியோட வர்றேன்."

டோரதி நேரில் வரவில்லை. ஆள் வைத்து அனுப்பிவிட்டுப் போன் செய்தாள். "ஷோபா, உன் சேரு வந்துச்சா? என்னுத பத்தி ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சி யோசிக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஷோபா அன்று இரவு சாப்பிடவில்லை. கொட்டகையில் சிவப்புக் கோட்டுச் சேர் ஒன்றை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் கூப்பிட்டேன், வரவில்லை. நானும் சாப்பிடாமல் பக்கத்தில் ஒரு சிலுவைச் சேரில் உட்கார்ந்தேன். பிடிவாதத்தில் அவள் என்னை ஜெயிக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்ச் சோற்றைப் பிசைந்துகொண்டு வந்தாள்.

மறுநாள் வக்கீல் ஆபீசில் தினேஷ் கணக்கைப் படித்தான். அடுத்த கடைக்காரர் சேர் உங்களிடம் இருந்தால் அது சொத்தில் வராது, கொடுக்க வேண்டிய கடன்தான் என்று சுந்தரேசன் சொல்லி, அதைக் கடன் பக்கத்தில் எழுதினார். ஜெனரேட்டரைச் சொத்துப் பக்கத்திலும் அதன் தவணையைக் கடன் பக்கத்திலும் எழுதினார்.

ஷோபா கேட்டுக்கொண்டே இருந்தவள் சொன்னாள்: "சார், பாதி பாதி வேணாம். சொத்து பூரா அதுக்கு. கடன் பூரா எனக்கு. கட போர்டு மட்டும் என் பேர்ல இருக்கட்டும்."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "அம்மா, யோசிச்சுத்தான் சொல்றீங்களா? ஜெனரேட்டர் அவருக்குப் போகும், தவணைய நீங்க கட்டணும். அந்தச் சேரெல்லாம் நாளைக்கே வந்து எடுத்துட்டுப் போனா உங்க கையில தகரக் கொட்டகைதான் மிஞ்சும்."

"தெரியும் சார்." அவள் தினேஷைப் பார்த்துத் திரும்பினாள். "நீயும் நல்லா யோசிச்சுக்க. கொட்டாயில இருக்கிறதுல முக்கால்வாசி எனக்குக் கடனா வருது. அப்புறமா ஏமாத்திட்டான்னு ஆயாகிட்ட வந்து சொல்லக் கூடாது."

அவன் சிரித்தான். "கடன ஆசைப்பட்டு வாங்குற ஆள இப்பத்தான் பாக்குறேன். எடுத்துக்க."

அவனுக்கு வேண்டியது காசு, அது பச்சைப் பொட்டில் இருந்தது. என் பேரனை அவள் ஏமாற்றினாள் என்று வெளியூரில் இருக்கும் அவன் அம்மா, என் மகள், இன்றைக்கும் சொல்கிறாள். நான் அங்கே இருந்தேன். வாய் திறந்து சொல்லிவிட்டுச் செய்வதற்குப் பெயர் ஏமாற்றுவது இல்லை.

எல்லாம் எழுதியானதும் சுந்தரேசன் என்னைப் பார்த்தார். "பாட்டிம்மா யாரோட இருப்பாங்க?"

"ஆயா என் சொந்த ரத்தம். என் பக்கம்தான்" என்றான் தினேஷ். பிறகு பி.ஜி. அறை ஞாபகம் வந்திருக்க வேண்டும். அங்கே இரண்டு கட்டில், இரண்டு பேர். தரையைப் பார்த்தான்.



"ஆயாவ கடன் பக்கம் எழுதுங்க சார். கடன் எல்லாம் எனக்குத்தான?" என்றாள் ஷோபா.

வக்கீல் அப்படி எழுத முடியாது என்று என்னவோ சட்டம் சொன்னார். எழுதினாரோ இல்லையோ, நான் அன்றைக்கே அவள் கடன் ஆகிவிட்டேன்.

தினேஷ் பச்சைப் பொட்டையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனான். உடைந்ததும் நல்லதுமாக மொத்தமாக விற்று வெங்கியோடு கூட்டுச் சேர்ந்தான். சிம்மாசனம் இரண்டையும் விற்க மனம் வரவில்லையாம். பி.ஜி. அறையில் ஆளுக்கொன்றில் உட்கார்ந்து லேப்டாப் பார்க்கிறார்கள் என்று கேள்வி. டேக்சா மூடியும் அங்கேதான் இருக்கிறது. எதற்கென்று அவனுக்கே தெரியாது.

இங்கே ஆஷாடம் முடிந்து சிராவணம் பிறந்தது. ஒரு கன்னடக் கல்யாணத்துக்கு ஆர்டர் வந்திருந்தது. ஷோபா முன்பணம் வாங்கவில்லை. சரக்கு தன்னிடம் இருக்குமா என்று தெரியாமல் வாங்க மாட்டாள். தினேஷ் செய்ததைத் தானும் செய்துவிடுவோமோ என்ற பயம். நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று கல்யாண வீட்டுக்காரரைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

ஒரு காலை டெம்போ ஒன்று சந்துக்குள் பின்பக்கமாக வந்தது. முனியப்பன் இறங்கினார். ஷோபா கையிலிருந்த துணியையும் ஊசியையும் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். கொட்டகைக் கதவை அவளே முழுசாகத் திறந்துவிட்டாள்.

"எடுத்துக்கங்க அண்ணே" என்றாள்.

அவர் உள்ளே போய்ச் சிவப்புக் கோட்டு அடுக்கைப் பார்த்தார். வெளியே பார்த்தார். என்னைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"யஷ்வந்த்பூர்ல ஒரு பெரிய கல்யாணம்மா. நாலு வரிச சேரு கொறையுது. குடுத்தீன்னா முடிச்சிட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்."

ஷோபாவுக்கு முதலில் விளங்கவில்லை. "உங்க சேருதான அண்ணே?"

"யாரு சேரா இருந்தா இன்னா? உன் கட கொட்டாயில இருக்குது, உன்னக் கேக்குறேன். பொட்டு பேசறத அவனோட வுட்டுடு." பிறகு என் பக்கம் திரும்பி, "தண்ணி இருந்தா குடு ஆயா" என்றார்.

நான் தண்ணீர் கொடுத்தேன். அவர் தன் சேரையே எங்களிடம் கடனாகக் கேட்டு வாங்கி, நாலு வரிசை ஏற்றிக்கொண்டு போனார். சீக்கிரம் திருப்பித் தருகிறேன் என்று வண்டியில் ஏறும்போது இன்னொரு தடவை சொன்னார். டெம்போ சந்து தாண்டுவதற்குள் ஷோபா போனை எடுத்துக் கன்னடக்காரருக்கு அடித்து, "சார், அட்வான்ஸ் களிசி" என்று முன்பணம் அனுப்பச் சொன்னாள். அடுத்த போன் டோரதிக்கு.

"அக்கா, நாலு வரிச குறையுது. குடுப்பியா?"

அந்தப் பக்கம் டோரதி என்ன சொன்னாளோ எனக்குக் கேட்கவில்லை. ஷோபா சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டு, சேரில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "ஆயா, நீ கொஞ்சம் எழுந்து உள்ள போயி உக்காரு. இந்தச் சேரையும் கழுவி வைக்கணும்" என்றாள்.